அமெரிக்காவில் வீட்டுக் கடன்: அப்ரைசல் கட்டணம் திடீரென்று ஏறினால்

விண்ணப்பித்த 3 வேலை நாளுக்குள் லோன் எஸ்டிமேட் (கடனின் வட்டி, செலவுகளை மதிப்பிட்டுச் சொல்லும் படிவம்) வர வேண்டும், அதைப் பார்த்து நீங்கள் சரி என்று சொல்லும்வரை அப்ரைசலுக்கு, அதாவது வீட்டின் மதிப்பைக் கணிப்பதற்கு, பணம் கேட்கக் கூடாது. இரண்டாம் பக்கத்தில் பி பிரிவில் அந்தத் தொகை இருக்கும். குறித்து வையுங்கள்.

பிறகு கூடுதலாகக் கேட்டால் உடனே கட்டிவிடாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள், ஏனென்றால் நீங்களே கடன் வகையை மாற்றியது போன்ற சரியான காரணமும் திருத்திய எஸ்டிமேட்டும் இல்லாமல் கடன் கொடுப்பவர் அந்தக் கட்டணத்தை உயர்த்த முடியாது. "முதலில் குறைவாகக் கணித்துவிட்டோம்" என்பதெல்லாம் காரணமே இல்லை. அப்புறம் குளோசிங் டிஸ்குளோஷர் (குளோசிங்குக்கு, அதாவது கையெழுத்திட்டுக் கடனை முடிப்பதற்கு, முன் வரும் இறுதிச் செலவுக் கணக்கு) வந்ததும் அதையும் எஸ்டிமேட்டையும் ஒப்பிடுங்கள். அதிகம் பிடித்திருந்தால் குளோசிங் முடிந்த 60 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும், கூச்சப்படாமல் கேளுங்கள். அப்ரைசல் அறிக்கையின் நகலும் இலவசம்தான்.