பிரபஞ்சத் தோற்றம் பற்றி வாதிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெருந்துறைப் பக்கத்துத் தேநீர்க் கடையிலோ ஈரோட்டுக் கல்யாணப் பந்தியிலோ பிரபஞ்சம் எப்படித் தோன்றியது என்று பேச்செடுத்தால், சிறிது நேரத்திலேயே அது ‘அறிவியலா, கடவுளா’ என்ற இரு கட்சிச் சண்டையாகிவிடுகிறது. எதிரில் இருப்பவர் எதை நம்புகிறார் என்று கேட்காமலேயே பதில் சொல்லத் தொடங்குவதுதான் முதல் தவறு. உலகம் ஏறத்தாழ ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன் படைக்கப்பட்டது என்பது விவிலிய வம்ச வரிசையைக் கூட்டிக் கணக்கிட்டவர்களின் கருத்து. 17ஆம் நூற்றாண்டில் பேராயர் அஷர் கி.மு. 4004 என்று ஆண்டையே குறித்தார். கிறிஸ்தவர்களிலேயே பலர் அதை ஏற்பதில்லை. சைவ சித்தாந்தமோ இல்லாததிலிருந்து எதுவும் தோன்றாது என்று கூறி, பானைக்கு மண் போல உலகுக்கு மாயை என்னும் மூலப்பொருளை முதற்காரணமாக வைக்கிறது. பெருந்துறைக்குப் பக்கத்து விசயமங்கலத்தில் கோயில் கொண்ட சமணத்துக்குப் படைப்புக் கடவுளே கிடையாது. ஆகவே, திருநீறு பூசிய பெரியவரிடம் ஆறாயிரம் ஆண்டுக் கணக்கை மறுத்துப் பேசுவது, அவர் வாங்காத கடனுக்கு அவரிடம் வட்டி கேட்பதாகும்.

அடுத்த தவறு, பிரபஞ்சத் தோற்றம் பற்றிய அறிவியல் கோட்பாட்டின் பெயரான ‘பெருவெடிப்பு’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. வெடி என்றதும் நமக்குக் கல்குவாரியில் ஓரிடத்தில் வெடித்துச் சிதறும் பாறைதான் நினைவுக்கு வரும். உடனே ‘எந்த இடத்தில் வெடித்தது’ என்ற கேள்வி எழும். கோட்பாடு சொல்வதோ, பொருள்கள் இருக்கும் இடவெளி தானே விரிகிறது என்பதை. திருப்பூர் பனியன் கம்பெனியில் புழங்கும் எலாஸ்டிக் நாடாவில் இடைவெளிவிட்டுப் புள்ளிகள் வைத்து இழுத்தால், எந்தப் புள்ளியிலிருந்து பார்த்தாலும் மற்றவை விலகும், தொலைவில் உள்ளது கூடுதல் வேகத்தில் விலகும். நாடாவுக்கு இரண்டு முனை உண்டே என்று கேட்பவரிடம், உவமை அதற்கு மேல் உதவாது என்று ஒப்புக்கொள்வதே நேர்மை. விண்மீன் திரள்கள் இவ்வாறு விலகுவதை வானியலாளர் ஹபிள் 1929இல் காட்டினார். தொடக்க கால வெப்பத்தின் மிச்சமான நுண்ணலைக் கதிர்வீச்சைப் பென்சியாஸ், வில்சன் என்ற இரு வானியலாளர்கள் 1964இல் கண்டனர். 1380 கோடி ஆண்டு என்ற வயது இத்தகைய அளவீடுகளிலிருந்து வருவது. அதை ‘வெறும் கோட்பாடுதானே’ என்று தள்ளுவோர் கோட்பாட்டை ஊகத்தோடு குழப்புகிறார்கள். குரங்கிலிருந்து மனிதன் வந்தானா என்பதை இதற்குள் இழுக்கவே கூடாது, அது வேறு துறை.

நம் ஊரில் மிகுதியாகக் கேட்கும் பிழை, திருவாசகத்தின் திருவண்டப்பகுதியில் ‘விரிந்தன’ என்று வருவதைக் காட்டி, மாணிக்கவாசகர் அன்றே பிரபஞ்ச விரிவைச் சொல்லிவிட்டார் என்பது. எண்ணற்ற அண்டங்களும் வெயில் கதிரில் மிதக்கும் தூசியளவாகும்படி இறைவன் பெரியவன் என்பதே அந்தப் பாட்டின் பொருள். அதை இயற்பியல் பாடமாக்கினால் பாட்டும் கெடுகிறது, பாடமும் கெடுகிறது. பிரம்மனின் ஒரு பகலான 432 கோடி ஆண்டைப் பூமியின் வயதான 454 கோடியோடு பொருத்துவதும் இவ்வகையே.

பகுத்தறிவாளர்களும் தவறுவதுண்டு. பெருவெடிப்பு கடவுளை ஒழித்துவிட்டது என்போர், விரிவின் தொடக்கத்தை முன்வைத்த லெமேத்ர் கத்தோலிக்கப் பாதிரியார் என்பதையும், 1949இல் வானொலியில் அதற்கு அந்தப் பெயரைச் சூட்டிய நாத்திக வானியலாளர் ஹாய்ல் அதை ஏற்கவே இல்லை என்பதையும் மறந்துவிடுகிறார்கள். அந்தக் கோட்பாடு, வெப்பமும் அடர்த்தியும் மிகுந்த நிலையிலிருந்து பிரபஞ்சம் வளர்ந்த விதத்தைச் சொல்கிறதே ஒழிய, அந்நிலை ஏன் இருந்தது என்பதைச் சொல்வதில்லை. 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ் இதைப் படைப்புக்குச் சான்றாகக் கொண்டு பேசியபோது, லெமேத்ருக்கே அது உவப்பாக இல்லை.