ஜன்னல் ஷட்டரை எப்போது ஏற்றலாம், எப்போது இறக்க வேண்டும்: நீண்ட பகல் விமானப் பயணத்துக்கு

சென்னையில் விடிவதற்கு முன்பே விமானம் ஏறி, துபாயிலோ தோஹாவிலோ இறங்கி, காலையில் அமெரிக்க விமானத்தைப் பிடிப்பவர்களுக்கு, ஜன்னல் ஷட்டரைத் திறப்பதா மூடுவதா என்ற சிக்கல் முழு அளவில் வரும். துபாயில் காலை 8.30க்குக் கிளம்பி 14 மணி நேரம் பறந்து நியூயார்க்கில் இறங்கினால், கோடையில் அங்கே மணி பிற்பகல் 2.30. அதாவது 14 மணி நேரப் பயணத்தில் உள்ளூர்க் கடிகாரம் 6 மணி நேரம்தான் நகர்ந்திருக்கும். சூரியன் கூடவே வருகிறது, வழியில் இருட்டே கிடையாது. ஊரிலோ அப்போது நள்ளிரவு 12. முந்தின இரவுத் தூக்கத்தையும் விமான நிலையத்தில் தொலைத்துவிட்டு வந்தவர்கள் சுற்றிலும் உட்கார்ந்திருப்பார்கள். போயிங் 777இல் ஒரு வரிசைக்குப் பெரும்பாலும் 10 பேர். ஷட்டர் கைக்கு எட்டுவது அதில் 2 பேருக்கு.

பணியாளர்கள் அதை 'விண்டோ ஷேடு' என்பார்கள். நம் ஆட்களுக்குப் பஸ் பழக்கத்தில் அது ஷட்டர். பேருந்து வழக்கமும் கூடவே வந்துவிடுகிறது: ஜன்னலோரம் யாரோ, ஷட்டர் அவருக்கு. விமானத்தில் இது பாதி சரி. திறந்து மூடும் கை ஜன்னலோர இருக்கைக்காரருடையது, மற்றவர் கை அங்கே போகக்கூடாது. ஆனால் உள்ளே வரும் வெளிச்சம் அவரோடு நிற்பதில்லை. அதனால் பார்க்க வேண்டியவை இரண்டு: கேபின் விளக்கு எரிகிறதா, சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது?

கேபின் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்வரை ஜன்னல் உங்களுடையது. விளக்கை அணைத்துவிட்டார்கள் என்றால் மூடிவிடுவதே முறை. இதற்கு மேலே ஒரே ஒரு விதி, பணியாளர் சொன்னால் சொன்னதுதான்.

ஏறும்போதும் இறங்கும்போதும் பெரும்பாலான நிறுவனங்கள் திறந்து வைக்கச் சொல்லும். அது காட்சிக்காக அல்ல. அவசரமாக வெளியேற நேர்ந்தால் எந்தப் பக்கம் தீ, எந்தப் பக்கம் பாதுகாப்பு என்று கதவைத் திறக்கும் முன் தெரிய வேண்டும். வெளியே உள்ள வெளிச்சத்துக்குக் கண் முன்பே பழகியிருக்க வேண்டும். மீட்க வருபவர்களாலும் உள்ளே பார்க்க முடிய வேண்டும். இரவில் இறங்கும்போது கேபின் விளக்கைக் குறைப்பதும் கண் பழகுவதற்காகத்தான். ஆகவே பக்கத்து இருக்கைக்காரர் தூங்குகிறார் என்பதற்காக இந்த நேரத்தில் மூடி வைக்கக்கூடாது. இதற்கு நேர்மாறான உத்தரவும் வரலாம். 2025 மே மாதம், மேற்கு எல்லையை ஒட்டிய ராணுவ விமானத் தளங்களில் ஏறும்போதும் இறங்கும்போதும் 10,000 அடிக்குக் கீழே ஷட்டரை மூடி வைக்கும்படி இந்தியாவின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ சொன்னது. அவசர வழி வரிசைக்கு மட்டும் விலக்கு தந்தது. காரணம் புரியாவிட்டாலும் அந்த நேரத்தில் வாதாடாமல் செய்துவிடுங்கள்.

மேலே ஏறிய பிறகு முதல் சாப்பாடு முடியும்வரை, ஏறக்குறைய 2 மணி நேரம், தாராளமாகத் திறந்து வைக்கலாம். நேர் வெயில் பக்கத்திலிருப்பவர் முகத்திலோ, முன் இருக்கைத் திரையிலோ அடித்தால் மட்டும் பாதி இறக்குங்கள். ட்ரேக்களை எடுத்துக்கொண்டு போன பிறகு விளக்கு மங்கத் தொடங்கும். அதற்காகக் காத்திருக்காமல், காபி கோப்பையை வாங்கிக்கொண்டு போகும்போதே இறக்கிவிடுவது நல்லது. பணியாளர் ஒவ்வொரு வரிசையாக வந்து சொல்லும் நிலை வராது. அடுத்து இறங்குவதற்கு 2 அல்லது 2.30 மணி நேரம் முன்பு விளக்கு மறுபடி எரியும், இரண்டாவது சாப்பாடு வரும். அப்போதும் சட்டென்று முழுதும் தூக்காதீர்கள். முதலில் 4 விரல் அளவு, சில நிமிடம் கழித்துப் பாதி, பிறகு முழுதும்.

நடுவில் வரும் 8, 9 மணி நேரம்தான் சண்டைக்குரிய நேரம். அத்தனை நேரமும் கேபினை இருட்டாக வைத்திருப்பது பயணிகள் உறங்கட்டும் என்பதற்காக மட்டுமல்ல, உறங்கும் பயணி பணியாளரைக் கூப்பிடும் பட்டனை அழுத்துவதில்லை என்ற வசதிக்காகவும்தான் என்று சிலர் சொல்வார்கள். அது உண்மையாகவே இருக்கட்டும். தூங்குகிறவரின் உரிமை அதனால் குறையாது. இருட்டுக்கு முழுதாகப் பழகக் கண்ணுக்கு 20 முதல் 30 நிமிடம் ஆகும், கலைவதற்கு ஒரு நொடி போதும். 'சும்மா ஒரு எட்டு பார்த்துவிட்டு மூடிவிடுகிறேன்' என்பது, அந்த வரிசையில் அரைத் தூக்கத்தில் இருப்பவருக்கு முகத்தில் டார்ச் அடித்ததுபோல.

அப்படியென்றால் கிரீன்லாந்துப் பனியைப் பார்க்கவே கூடாதா? பார்க்கலாம், வழி இருக்கிறது. போர்வையைத் தலைக்கு மேல் போட்டு, அதன் மறு ஓரத்தை ஷட்டருக்கு மேலே சுவரோடு சேர்த்து ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். பழைய ஸ்டூடியோவில் படம் எடுப்பவர் கறுப்புத் துணிக்குள் தலையை விடுவார் இல்லையா, அதே வேலை. கூடாரம் அமைந்த பிறகுதான் ஷட்டரைத் தூக்க வேண்டும், மூடிய பிறகுதான் போர்வையை எடுக்க வேண்டும். வரிசை மாறினால் பயனில்லை. மெல்லிய போர்வையாக இருந்தால் இரண்டாக மடியுங்கள். படம் எடுப்பதாக இருந்தால் ஃபிளாஷை அணைத்து, லென்ஸைக் கண்ணாடிக்கு மிக அருகில், ஆனால் தொடாமல் வையுங்கள். தொட்டால் விமானத்தின் அதிர்வு படத்தில் வரும். ஜன்னலில் அடுக்கிய கண்ணாடிகளில் நடுவில் உள்ளதன் கீழ்ப்பக்கம் சின்ன ஓட்டை இருக்கும், அதைச் சுற்றிப் பனி நட்சத்திரம் படிவதும் உண்டு. விரிசல் என்று பயப்பட வேண்டாம், கண்ணாடிகளுக்கு இடையே காற்றழுத்தத்தைச் சமன் செய்யவும் ஈரத்தை வெளியேற்றவும் வைத்த ஓட்டைதான் அது.

புத்தகம் படிக்க ஜன்னல் வெளிச்சம் வேண்டாம். தலைக்கு மேலே உள்ள ரீடிங் லைட் உங்கள் மடியில் மட்டும் விழும்படி அமைத்தது. அதன் பொத்தான் சில விமானங்களில் கைப்பிடியிலும், சிலவற்றில் முன் இருக்கைத் திரையின் மெனுவிலும் இருக்கும். திரை வெளிச்சத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

சூரியன் எந்தப் பக்கம்

இதை டிக்கெட்டுக்கு இருக்கை தேர்ந்தெடுக்கும்போதே யோசித்துவிட்டால் பாதித் தொல்லை இல்லை. ஏ எழுத்து இடப்பக்க ஜன்னல். பெரிய விமானங்களில் கே பெரும்பாலும் வலப்பக்க ஜன்னல். ஐரோப்பா, வட அட்லாண்டிக், வட பசிபிக் போன்ற வடக்கு வழிகளில் நண்பகலை ஒட்டிய வெயில் தெற்கிலிருந்து வரும். மேற்கு நோக்கிப் போனால் தெற்கு உங்களுக்கு இடக்கை, கிழக்கு நோக்கிப் போனால் வலக்கை. எனவே கண் கூசாமல் காட்சி வேண்டுமென்றால் மேற்கே போகும்போது கே, கிழக்கே போகும்போது ஏ.

துபாய்–நியூயார்க் வழியை எடுத்துக்கொண்டால், முதல் சில மணி நேரம் விமானம் வடமேற்காகப் போகும். காலை வெயில் வலப்பக்கம் பின்னாலிருந்து விழும். வட ஐரோப்பாவை நெருங்கும்போது அது இடப்பக்கத்துக்கு மாறிவிடும், அட்லாண்டிக் முழுக்க அங்கேதான். ஏ இருக்கைக்காரர் தூங்கப்போகும் நேரத்தில் வெயில் அவர் ஜன்னலில் நிற்கும் என்பதால், அந்த ஷட்டர் அடிவரை இறங்கியிருக்க வேண்டும். வெயில் இல்லாத கே பக்கத்தில் விளக்கு எரியும் நேரத்தில் முழுதும் திறந்தாலும் யாருக்கும் கூசாது. ஒரு விலக்கு உண்டு. கீழே வெள்ளை மேகமோ பனியோ பரந்திருந்தால் நிழல் பக்கத்திலும் வெளிச்சம் கீழிருந்து மேலே எகிறிவரும். அப்போது ஷட்டரை இறக்கினாலும், அடியில் விட்ட இடைவெளி வழியாகவே கூச்சம் வரும். இருட்டான கேபினில் 'இரண்டு விரல் அளவுதானே திறந்திருக்கிறேன்' என்று சொல்ல முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

குளிர்காலத்தில் இன்னும் மோசம். சென்னையில் கோடை நண்பகல் வெயில் உச்சந்தலைக்கு நேராக நிற்பதால் விமான ஜன்னலுக்குள் நுழையவே நுழையாது. டிசம்பர் மாத நண்பகலில் லண்டனில் சூரியன் தொடுவானத்திலிருந்து 15 டிகிரி உயரம்தான் ஏறும். 60 டிகிரி வட அட்சரேகையில் 6, 7 டிகிரி. அவ்வளவு சாய்ந்து வரும் கதிர் 777இன் கேபின் அகலமான சுமார் 5.9 மீட்டரைக் கடக்கும்போது 70 சென்டிமீட்டர் அளவுக்கே கீழே இறங்கும். இடப்பக்கத்தில் நீங்கள் திறந்த ஜன்னல், வலப்பக்கக் கடைசியில் இருப்பவர் முகத்தில் சதுரமாக அடிக்கும். அவர் யாரிடம் போய்ச் சொல்வார்? எந்த ஜன்னல் என்றே அவருக்குத் தெரியாது. விமானம் சற்றுத் திரும்பினால் அந்தச் சதுரம் வரிசை வரிசையாக ஊர்ந்துபோகும்.

சுமார் நான்கு மணி நேரத்தில் முடியும் சிங்கப்பூர், துபாய் பகல் பயணங்களுக்கு இவ்வளவு கணக்கு தேவையில்லை. அங்கே கேபினை இருட்டாக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை, தூங்க விரும்புகிறவர்தான் ஐ மாஸ்க் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஷட்டரே இல்லாத ஜன்னல்

போயிங் 787இல் ஷட்டர் கிடையாது. ஜன்னலுக்குக் கீழே ஒரு பொத்தான் இருக்கும். கண்ணாடிக்குள் கூழ் போன்ற ஒரு பொருள் மின்சாரத்தால் கருக்கும், தெளிவிலிருந்து கடும் நீலம்வரை 5 நிலைகள். அழுத்தியவுடன் மாறாது, ஒன்றிரண்டு நிமிடம் பிடிக்கும். வேலை செய்யவில்லை என்று நினைத்து மாறி மாறி அழுத்துவது வழக்கமான தவறு, ஒருமுறை வேண்டிய நிலையை வைத்துவிட்டுக் காத்திருங்கள். பணியாளர்கள் தங்கள் பலகையிலிருந்து எல்லா ஜன்னல்களையும் ஒரே நேரத்தில் கருக்கிப் பூட்ட முடியும். அப்படிப் பூட்டியிருந்தால் உங்கள் பொத்தானுக்குக் கேட்காது, பழுது என்று புகார் சொல்ல வேண்டாம். இதில் ஒரு குறையும் உண்டு: முழுக்கக் கருத்த பிறகும் நேர்ச் சூரியன் நீல வட்டமாகத் தெரியும், கண் மேல் விழுந்தால் தூக்கம் வராது. 787இல் வெயில் பக்கம் உட்காருகிறவர் ஐ மாஸ்க் கொண்டுபோவது நல்லது. நிறைவும் உண்டு: கருத்த கண்ணாடி வழியாகவே பனியையும் மேகத்தையும் பார்க்கலாம், போர்வைக் கூடாரம் வேண்டாம்.

யாருடைய ஜன்னல், எப்படிக் கேட்பது

ஜன்னல்களும் இருக்கைகளும் ஒன்றுக்கொன்று பொருந்தி வருவதில்லை. ஒரு வரிசைக்கு ஒன்றரை ஜன்னல் வருவதும் சாதாரணம். உங்கள் முதுகுச் சாய்வுக்கும் முன்னால் உள்ள சாய்வுக்கும் இடையே வருவது உங்களுடையது. சரியாகச் சாய்வின் மேலேயே வந்தால், கை நீட்டாமல் யார் எட்டுகிறாரோ அவருடையது, ஆனால் மற்றவரைக் கேட்டுவிட்டு. முன்னால் இருப்பவர் சாய்வைப் பின்னால் சாய்த்த பிறகு கணக்கு மாறிவிடும், அதற்காக உரிமை மாறியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேட்கும்போது காரணத்தையும் அளவையும் சேர்த்துச் சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். "சார், வெயில் குழந்தை முகத்துல அடிக்குது, பாதி இறக்கினா போதும்." "அம்மா, இறங்கும்போது ஊரைப் பார்க்கணும், கடைசி அரை மணி நேரம் திறந்து வைக்க முடியுமா?" வெறுமனே "மூடுங்க" என்றால் கட்டளையாகக் காதில் விழும். மொழி தெரியாதவரிடம் சூரியனைக் காட்டி, கண்ணை மறைத்து, உள்ளங்கையைக் கீழே இறக்கிக் காட்டினால் புரிந்துகொள்வார். அவர் தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பவும் வேண்டாம், அவரைத் தாண்டிக் கை நீட்டி இழுக்கவும் வேண்டாம். பணியாளரிடம் சொல்லுங்கள். மூடிய கேபினில் மூச்சுமுட்டுவது போன்ற பயம் உள்ளவர்களும், வெளியே பார்க்காவிட்டால் வாந்தி வருகிறவர்களும் இருக்கிறார்கள். இருட்டாக்கும் முன்பே பணியாளரிடம் சொல்லிவிட்டால், நிழல் பக்கத்தில் இடம் மாற்றித் தர முயல்வார்கள்.

குழந்தைக்கு ஷட்டர் நல்ல விளையாட்டுப் பொருள். ஒவ்வொரு ஏற்ற இறக்கமும் பின் வரிசைக்கு மின்னல் அடித்து இடி இடித்ததுபோல இருக்கும். விளக்கு எரியும்போதே ஆசை தீர 10 தடவை விளையாடவிட்டு, பிறகு இரண்டாம் இருக்கைக்கு மாற்றி உட்கார வையுங்கள்.

ஷட்டரை இழுக்கும்போது விளிம்பின் நடுவில் பிடித்து நேராக இழுக்க வேண்டும். மூலையைப் பிடித்து இழுத்தால் ஒரு பக்கம் சாய்ந்து தடத்தில் சிக்கிக்கொள்ளும். சிக்கினால் பலம் காட்டாமல் சற்று எதிர்த்திசையில் தள்ளிப் பாருங்கள், வரவில்லை என்றால் சொல்லிவிடுங்கள். சில விமானங்களில் இறக்கைக்கு மேலே உள்ள அவசர வழி ஜன்னலில் ஷட்டர் கீழிருந்து மேலே ஏறும். அங்கே மேலே தேடிக் குடைய வேண்டாம், அவசரக் கைப்பிடியும் அருகில்தான் இருக்கும். ஜன்னலோரம் என்று பணம் கட்டியும் வெறும் சுவர் வரும் இருக்கைகளும் உண்டு. போயிங் 737இல் குளிர்காற்றுக் குழாய் போகும் இடத்தில் ஒரு ஜன்னலையே விட்டுவிட்டிருப்பார்கள். முன்பதிவுக்கு முன் இருக்கை வரைபடத்தைப் பாருங்கள்.

வெயில் கொளுத்தும் ஊரில் இறங்கி விமானம் நின்ற பிறகு, ஷட்டரை இறக்கிவிட்டுப் போகும்படி பணியாளர்கள் சொல்வதுண்டு. சொல்லாவிட்டாலும், இருக்கை பெல்ட் விளக்கு அணைந்த பிறகு, மேலே பையை எடுக்க எழுவதற்கு முன் இறக்கிவிடுங்கள். அடுத்து ஏறுகிறவர்கள் வரும்வரை கேபின் சூடேறாமல் இருக்கும்.