ஸ்கைரிமில் வீடு கட்டுவது எப்படி: அடுப்படியை மறக்காதீர்கள்

போன விடுமுறையில் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் உட்கார்ந்து, ஸ்கைரிம் என்ற வீடியோ கேமில் வீடு கட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்ற அப்பத்தா திரையைப் பார்த்துவிட்டு, "வீடு நல்லாத்தான் இருக்கு. அடுப்படிய எங்கப்பா காணோம்?" என்றார்கள். அந்தக் கேள்வியால் வந்ததுதான் இந்தப் பதிவு.

வீடு கட்டும் வசதி ஹார்த்ஃபயர் என்ற கூடுதல் தொகுப்பில் இருக்கிறது. 2012இல் தனியாக வந்தது, 2016இன் ஸ்பெஷல் எடிஷனில் சேர்ந்தே வருகிறது.

1. மனை வாங்குங்கள். மொத்தம் மூன்று மனை, ஒவ்வொன்றும் 5,000 பொன். முதல் வீட்டுக்கு ஃபால்க்ரீத் பக்கம் உள்ள லேக்வியூதான் என் தேர்வு. அந்த ஊர் யார்ல் (ஆட்சித் தலைவர்) சொல்கிற வேலைகளை முடித்தால் மனையை விற்பார்கள்.

2. சாமான் சேருங்கள். களிமண்ணும் கல்லும் மனை அருகிலேயே வெட்டலாம். மரம் அறுக்கும் மில்லில் 20 மரம் 200 பொன். ஆளைத் திணறடிப்பது ஆணிதான். ஓர் இரும்புக் கட்டிக்குப் பத்து ஆணி. கீல், பூட்டு எல்லாவற்றுக்கும் இரும்பு வேண்டும். எந்தக் கொல்லரைப் பார்த்தாலும் இருக்கிற கட்டியை எல்லாம் வாங்கிவிடுங்கள்.

3. வரைபட மேசையில் திட்டத்தைத் தேர்ந்தெடுத்து, பக்கத்துத் தச்சு மேசையில் கட்டுங்கள். முதலில் சின்ன வீடு, அப்புறம் பெரிய ஹால். ஹால் முடிந்தபின் சின்ன வீட்டை வாசல் அறையாக மாற்றலாம். நம் செட்டிநாட்டு வீட்டுக் கணக்கில் அது முகப்பு, ஹால்தான் வளவு (முற்றத்தைச் சுற்றிய உள்பகுதி). மாற்றுமுன் சின்ன வீட்டுப் பெட்டிகளைக் காலி செய்துவிடுவது என் வழக்கம்.

4. இங்கேதான் நான் விழுந்தேன். ஹாலின் மூன்று பக்கமும் ஒவ்வோர் இணைப்புக் கட்டலாம், பக்கத்துக்கு ஒன்றுதான். மேற்கே படுக்கையறை, பசுமைக்குடில், மந்திரக் கோபுரம். வடக்கே சாமான் அறை, ரசவாத அறை, வேட்டை நினைவுப்பொருள் அறை. கிழக்கே சமையலறை, நூலகம், ஆயுத அறை.

கிழக்கே ஆயுத அறை கட்டினேன். வாளும் கேடயமும் சுவரில் மாட்ட ஆசை. கட்டியபின்தான் தெரிந்தது, ரொட்டியும் ஆப்பிள் பையும் சுடும் அடுப்பு சமையலறை இணைப்பில்தான் வரும் என்று. கட்டியதை இடிக்க வழியில்லை. திரும்பிப் போக, அதற்கு முன் சேமித்த ஆட்டமும் என்னிடம் இல்லை. ஆகவே ஒவ்வோர் இணைப்புக்கு முன்னும் தனியாகச் சேமித்துக்கொள்ளுங்கள், தானாகச் சேமிப்பதை நம்பாதீர்கள். ஆயுதத்தைப் பெட்டியில்கூடப் போட்டுவைக்கலாம்.

5. குடும்பம். ஆட்டத்தில் காதல் தெய்வமான மாராவின் தாயத்தை அணிந்துகொண்டு பேசினால் விருப்பமுள்ளவர்கள் சம்மதிப்பார்கள். கல்யாணம் ரிஃப்டனில் உள்ள மாரா கோயிலில். நீங்கள் கட்டிக்கொண்டவர் கடை வைத்து, கேட்டால் தினமும் 100 பொன் பங்கு தருவார். (நம் வீடுகளில் வேறு வைத்த, அதாவது தனிக்குடித்தனம் வைத்த, மறுநாளே இப்படிக் கேட்டால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.) பிள்ளைகள் இரண்டு பேர் வரை தத்தெடுக்கலாம். வைட்ரன் தெருவில் பிச்சை கேட்கும் லூசியாவில் தொடங்குங்கள்.

பின்சேர்க்கை: "இவ்வளவு பெரிய வீடு கட்டியும் தத்தெடுக்க முடியவில்லை" என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். பெரியவர்கள் கட்டில் கணக்கில் சேராது. பிள்ளைக்கென்றே சின்னக் கட்டில் ஒன்றும் பெட்டி ஒன்றும் வேண்டும், இரண்டு பிள்ளை என்றால் இரண்டிரண்டு. பெட்டியை மறப்பவர்கள்தான் அதிகம். வீட்டுக்குள் இருக்கும் தச்சு மேசைப் பட்டியலில் தேடுங்கள்.

இன்னொன்று: மோர்தல் பக்கம் வின்ட்ஸ்டாட் மனையையும் வாங்கி, இந்த முறை சமையலறையை முதலில் கட்டிவிட்டேன். குடும்பத்தை அங்கே மாற்ற கணவன் அல்லது மனைவியிடம் சொன்னால் போதும், கட்டிலும் பெட்டியும் அங்கேயும் தயாராக இருக்க வேண்டும். அப்பத்தாவுக்கு வீடியோ அழைப்பில் அடுப்பைக் காட்டினேன். "புகை போக வழி வச்சியா?" என்றார்கள்.