கரும்பு வெட்டப் போகிறவர்கள் முன்பணத்தில் செய்யும் தவறுகள்

வெட்டு சீசனுக்கு முன்பே, வேலைக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி ஊருக்குள் வந்துவிடுவார். ஒரு கல்யாணம், ஒரு வைத்தியச் செலவு, பழைய கடன் என்று வீட்டில் ஏதாவது ஒரு நெருக்கடி இருக்கும். அட்வான்ஸ் கைமாறும். குடும்பமே சட்டிபானையோடு லாரி ஏறும்.

“வாங்கின பணம் கழியாமல் கிளம்பக் கூடாது” என்று நம்புவதுதான் இதில் பெரிய தவறு. முன்பணம் வாங்குவதில் குற்றமில்லை. அதையே காரணம் காட்டி ஊருக்கோ வேறு வேலைக்கோ போகவிடாமல் தடுத்தால், அது கொத்தடிமை முறை. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. அதை வசூலிக்கிறவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டியதும் பணம் கொடுத்தவர்தான், வெட்டுகிறவர் அல்ல. இந்த ஒரு விஷயம் தெரியாமல் எத்தனை குடும்பங்கள் அடுத்த சீசனுக்கும் அதே ஆளிடம் போகின்றன!

அடி உதை இருந்தால்தான் கொத்தடிமை என்று நினைப்பதும் தவறு. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்கினாலே அது கட்டாய உழைப்பு என்று, ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982-இல் சொல்லிவிட்டது.

கணக்கை மேஸ்திரியின் நோட்டில் மட்டும் விட்டுவைக்காதீர்கள். இன்று எத்தனை டன், செலவுக்கு எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு கழித்தார்கள் என்று தனியாக எழுதி வையுங்கள். எழுத வராதா? போனில் தினமும் பேசிப் பதிவு செய்தால் போதும். வெட்டுவது கணவனும் மனைவியும், கணக்கில் இருப்பதோ கணவன் பெயர் மட்டும். மனைவியின் பெயரையும் கூலியையும் தனியாகப் போடச் சொல்லிக் கேளுங்கள். ஆதார், ரேஷன் கார்டு எதையும் அடமானமாகக் கொடுக்க வேண்டாம். முன்னுரிமை அல்லது அந்தியோதயா ரேஷன் கார்டு இருந்தால் வெளிமாநிலக் கடையிலும் அரிசி வாங்கலாம்.

அப்புறம், ராத்திரியோடு ராத்திரியாகத் தப்பி வந்துவிட்டு அதோடு விட்டுவிடுவது. மேஸ்திரி வீடு தேடி வருவார், பயத்தில் சமாதானம் பேசிப் பணம் கட்டுவார்கள். அப்படிச் செய்யாமல் கலெக்டரிடமோ ஆர்.டி.ஓ. எனும் வருவாய்க் கோட்டாட்சியரிடமோ மனு கொடுங்கள். விசாரணைக்குப் பின் தரும் விடுதலைச் சான்றிதழை வாங்காமல் திரும்ப வேண்டாம். மறுவாழ்வு உதவிக்கு அந்தக் காகிதம்தான் அடிப்படை. மனு எழுத ஆள் இல்லையென்றால் 15100-க்கு அழையுங்கள். அது இலவச சட்ட உதவிக்கான எண்.