'இயேசு சீக்கிரம் வருகிறார்': பயப்படுகிறவர்கள் செய்யும் தவறுகள்

சென்னையில் ஆட்டோவின் முதுகிலும் மதில் சுவரிலும் 'இயேசு சீக்கிரம் வருகிறார்' என்று அடிக்கடி கண்ணில் படும். இயேசு மறுபடி வந்து தம்முடையவர்களைச் சேர்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கைதான் அது. அதைப் படித்ததும் சந்தோஷப்பட வேண்டிய விசுவாசிகளில் பலர், தாங்கள் விடப்பட்டுவிடுவோமோ என்று உள்ளுக்குள் நடுங்குகிறார்கள்.

நடுக்கத்துக்குப் பெரிய காரணம், தேற்ற எழுதிய வசனத்தை மிரட்ட எடுப்பது. கிரேக்க நகரமான தெசலோனிக்கேயின் சபைக்கு அப்போஸ்தலன் பவுல் கடிதம் எழுதியது கி.பி. 50-ஐ ஒட்டி. கிறிஸ்து வருவதற்குள் தங்களில் சிலர் இறந்துபோனதால் அந்தச் சபையார் கலங்கியிருந்தார்கள். 'கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள் முதலாவது எழுந்திருப்பார்கள்' என்றார் பவுல். உயிரோடிருப்பவர்கள் அவர்களோடு சேர்ந்து ஆண்டவரைச் சந்திப்பார்கள், 'இவ்விதமாய் எப்பொழுதும் கர்த்தருடனேகூட இருப்போம்'. அடுத்த வரியே, 'இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்'. துக்க வீட்டுக்கு எழுதிய இதைத்தான் ஞாயிறு பள்ளியில் 'நீ மட்டும் விடப்பட்டுவிடுவாய்' என்று சொல்லித் தருகிறோம். அம்மா கடைக்குப் போயிருக்கும் நேரத்தில் வீடு காலியாக இருந்தால், வருகை நடந்துவிட்டது என்று அழும் பிள்ளைகள் உண்டு. பாவம், அது பிள்ளையின் தப்பா?

அப்புறம், 'நானும் அவரோடு போவேன்' என்ற நிச்சயத்தை மனநிலையில் தேடுவது. கன்வென்ஷன் கூட்டத்தில் 'இன்று ராத்திரி வந்தால் போவீர்களா?' என்று கேட்டதும் கையைத் தூக்குகிறவர்களில் பாதிப் பேர் போன வருடமும் தூக்கியவர்கள்தான். நன்றாக ஜெபித்த வாரம் நிச்சயம் இருக்கும், வீட்டில் சண்டை போட்ட வாரம் காணாமல் போகும். பவுலோ 'இயேசுவானவர் மரித்து, பின்பு எழுந்திருந்தார்' என்பதிலிருந்துதான் ஆரம்பிக்கிறார். என் ஆடுகளை 'ஒருவனும் என் கையிலிருந்து பறித்துக்கொள்வதுமில்லை' என்று இயேசு சொல்லும்போது, பிடித்திருப்பது அவருடைய கை. இரட்சிப்பை இழக்க முடியுமா என்பதில் சபைக்குச் சபை கருத்து வேறுபடும். ஆனால் நம் தகுதியால் போகிறோம் என்று எந்தச் சபையும் சொல்வதில்லை. சரி, அப்படியானால் இஷ்டம்போல் வாழலாமா என்றால், இந்த நம்பிக்கை உள்ளவன் தன்னைச் சுத்திகரித்துக்கொள்கிறான் என்கிறார் யோவான்.

தேதி குறிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற பிரசங்கியாரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22-ல் காத்திருந்தார்கள். அங்கேயே வானொலிப் பிரசங்கியார் ஹெரால்ட் கேம்பிங் 2011 மே 21 என்றார். இரண்டு நாளும் சாதாரணமாகவே கழிந்தன. நம் ஊரிலும் 2004 சுனாமிக்கும் 2015 வெள்ளத்துக்கும் 'இதுதான் கடைசி' என்றார்கள். இப்படிப்பட்டவை நடந்தாலும் 'முடிவு உடனே வராது' என்று இயேசு சொன்ன வரியை மட்டும் யாரும் வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு செய்வதில்லை.

சென்னைக்கே உரிய கவலை ஒன்றும் உண்டு. கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் இடத்துக்குத் திண்டாட்டம். குடும்பக் கல்லறையையே மறுபடி திறந்து அடக்கம் செய்கிறார்கள், சிலர் தகனத்துக்குப் போகிறார்கள். 'உடல் இல்லாவிட்டால் எப்படி எழுந்திருப்பார்?' என்று வயதானவர்கள் தயங்குவார்கள். கி.பி. 177-ல் இன்றைய பிரான்ஸில் உள்ள லியோன் நகரத்துக் கிறிஸ்தவர்களைக் கொன்றவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். உயிர்த்தெழவே கூடாது என்று உடல்களை எரித்துச் சாம்பலை ரோன் ஆற்றில் கொட்டினார்கள். அதற்காகச் சபை நம்பிக்கையை விட்டுவிடவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையும் 1963-ல் தகனத்தை அனுமதித்தது. அடக்கமா தகனமா என்பதைக் குடும்பம் நிம்மதியாக முடிவு செய்யலாம்.

கடைசியாக, 'விசுவாசிகள் அழக்கூடாது' என்று துக்க வீட்டில் அதட்டுவது. எனக்கு இதைக் கேட்டாலே எரிச்சல் வரும். நம்பிக்கையற்றவர்களைப்போல துக்கிக்க வேண்டாம் என்றுதான் பவுல் எழுதினார். இறந்துபோன நண்பன் லாசருவை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் இயேசு கண்ணீர் விட்டார். கணவரைப் பறிகொடுத்தவரிடம் பிரசங்கம் வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள், அழட்டும். கேட்கும் நிலைக்கு வந்ததும் தெசலோனிக்கேயர் முதல் கடிதம் நான்காம் அதிகாரத்தைப் பதின்மூன்றாம் வசனத்திலிருந்து கடைசிவரை வாசித்துக் காட்டுங்கள்.