தூக்க மாத்திரை கேட்டு வருகிறவர்களுக்கு நான் சொல்வது

கோவில்பட்டியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வருகிறவர்களில் ஒரு ரகம் உண்டு. கடையில் ஆள் குறையும்வரை ஓரமாக நின்றுவிட்டு, "அண்ணாச்சி, தூக்கத்துக்கு ஏதாவது ஒண்ணு குடுங்களேன்" என்பார்கள். சீட்டு இருக்கா என்று கேட்டால் இருக்காது. அல்பிரசோலம், சோல்பிடெம் போன்ற தூக்க மாத்திரைகள் 2014 முதல் மருந்துச் சட்ட விதிகளின் எச்1 அட்டவணையில் இருக்கின்றன. டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. கொடுக்கும்போதும் எழுதிய டாக்டர் யார், வாங்கியது யார், எத்தனை மாத்திரை என்று தனி நோட்டில் பதிந்து மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும்.

சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. இந்த ரக மாத்திரைகளைச் சில வாரம் தொடர்ந்து போட்டாலே உடம்பு பழகிவிடும். அப்புறம் அதே தூக்கத்துக்கு டோஸைக் கூட்டச் சொல்லும். பட்டென்று நிறுத்தினால் படபடப்பு முன்னைவிட மோசமாகும். சீட்டில்லாமல் கிடைக்கிறதே என்று சளி, அரிப்பு மாத்திரையைத் தூக்கத்துக்குப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். காலையில் தலை கனக்கும், நாக்கு வறளும். வயசானவர்கள் ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து தடுமாறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால் அது வேறு பெரிய கதை.

அதனால் மாத்திரைக்குப் பதில் சில விஷயங்களைச் சொல்லி அனுப்புவேன். நான் டாக்டர் இல்லை, டி.ஃபார்ம் என்கிற மருந்தாளுநர் டிப்ளமோ படித்தவன். ஆனால் இவை எந்த டாக்டரும் மறுக்காத விஷயங்கள்.

எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று நான் கேட்பதில்லை. எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள் என்றுதான் கேட்பேன். தூக்கம் நாம் கூப்பிட்ட நேரத்துக்கு வராது. ஆனால் எழுகிற நேரம் நம் கையில் இருக்கிறது. அதை ஒரே நேரமாக வையுங்கள், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்றாலும் அதே நேரம்தான். எழுந்து அரை மணிக்குள் வெளிச்சத்தில் நில்லுங்கள். வாசல் தெளித்துக் கோலம் போடுகிறவர்களுக்கு இது தானாகவே நடந்துவிடுகிறது. மற்றவர்கள் பல்லையாவது வெளியே நின்று விளக்கலாம். வானம் மூடியிருக்கிற நாளிலும் வெளியே இருக்கும் வெளிச்சம் வீட்டு டியூப்லைட்டைவிடப் பல மடங்கு அதிகம். மூளைக்குள் இருக்கிற கடிகாரம் அதைப் பார்த்துத்தான் நேரத்தைச் சரி செய்துகொள்கிறது. மில்லில் நைட் ஷிஃப்ட் பார்க்கிறவர்களுக்கு இது அப்படியே தலைகீழ்: வீட்டுக்கு வரும்போது கூலிங் கிளாஸ், ஜன்னலுக்குக் கெட்டியான போர்வை, காலையில் யாரும் கதவைத் தட்டக் கூடாது என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிடுவது.

டீயை நிறுத்துங்கள் என்றால் நம்ம ஊரில் யாரும் கேட்கப்போவதில்லை, நானும் கேட்கமாட்டேன். கடைசி டீயை மூன்று மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். உடம்பில் காஃபின் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஆறரை மணிக்குக் கடை வாசலில் குடித்த ஸ்ட்ராங் டீயின் காஃபினில் பாதி, பதினொன்றரைக்கும் ரத்தத்தில் இருக்கும். குவார்ட்டர் அடித்தால் தூக்கம் வருகிறது என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: வரும், ரெண்டு மூன்று மணிக்கு அதுவே எழுப்பியும் விட்டுவிடும்.

படுத்ததும் மனசு ஓட ஆரம்பிக்கிறது என்பதுதான் அதிகம் கேட்கிற புகார். மருந்துக்கடையில் வான்ட் புக் என்று ஒரு நோட்டு இருக்கும். தீர்ந்துபோன மருந்தை அந்த நிமிஷமே அதில் எழுதிவிடுவோம், எழுதிய பிறகு அதை மனசில் சுமக்க வேண்டியதில்லை. கவலைக்கும் நான் அதே மாதிரி ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், நாற்பது பக்க நோட்டுதான். கல்லாவை எண்ணி முடித்ததும், படுக்கையில் இல்லை, கடையிலேயே உட்கார்ந்து எழுதுவேன். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் நாளைக்கு அதற்காகச் செய்யக்கூடிய ஒரே ஒரு காரியம். "மகள் ஃபீஸ்" என்று எழுதினால் பக்கத்தில் "சொசைட்டியில் கேட்க, 11 மணி". ஒன்றுமே செய்ய முடியாத கவலைக்கு ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த வரி. பத்து நிமிஷத்துக்கு மேல் எழுதினால் அது புலம்பலாகிவிடும், நோட்டை மூடிவிட வேண்டும். ராத்திரி அதே கவலை திரும்ப வந்தால், நோட்டில் இருக்கிறது என்று மனசுக்குச் சொல்லலாம். எல்லா நாளும் கேட்காது, பல நாள் கேட்கிறது.

வாக்கிங் போங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மனசு சோர்ந்தவனுக்குச் செருப்பை மாட்டுவதே மலை. உற்சாகம் வரட்டும், அப்புறம் கிளம்பலாம் என்று காத்திருந்தால் அது வராது. கிளம்பினால்தான் கொஞ்சம் கொஞ்சமாக வரும். என் கடைக்கு ஓய்வுபெற்ற ஒருவர் பிரஷர் மாத்திரை வாங்க வருகிறார். மாசத்துக்கு மொத்தமாகக் கொடுத்துவிடட்டுமா என்று ஒருதரம் கேட்டேன். "வேணாம்பா, ஒரு அட்டையே போதும். அடுத்த அட்டைக்கு வரணும்ல" என்றார். மனைவி போன பிறகு வீட்டில் பேச்சுத்துணை இல்லை. வெளியே கிளம்ப ஒரு காரணத்தை அவரே உண்டாக்கிக்கொண்டிருக்கிறார். நீங்களும் ஏதாவது ஒரு சாமானை ஆன்லைனில் வாங்காமல் விட்டுவையுங்கள். கொத்தமல்லிக் கட்டோ, பாலோ, நடந்து போய் நாலு வார்த்தை பேசி வாங்கி வருகிற மாதிரி.

இத்தனையும் செய்தும் அசதியும் எரிச்சலும் விடவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லி ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தைராய்டு குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், பி12 குறைந்தாலும் மனச்சோர்வு மாதிரியே காட்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருஷம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைய வாய்ப்புண்டு. இதை நிறைய பேர் கவனிப்பதில்லை.

ரெண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில், எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் மாறி, வேலையில் மனசு ஓடாமல் இருந்தால் பழக்கங்களை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. இருந்து என்ன பிரயோஜனம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் விடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம். வீட்டில் யாரையாவது எழுப்பிச் சொல்லுங்கள், 14416-க்குக் கூப்பிடுங்கள். அது அரசின் டெலி மானஸ் எண். இருபத்துநான்கு மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தால் ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வையுங்கள். மனச்சோர்வு மாத்திரை தலைவலி மாத்திரை மாதிரி அரை மணியில் கேட்காது. ரெண்டிலிருந்து நாலு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். முதல் சில நாள் வயிற்றைப் பிரட்டலாம். "ஒரு அட்டை போட்டேன், ஒண்ணும் கேக்கல" என்று அதோடு விட்டுவிடுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். குணமாகிவிட்டது என்று தோன்றினாலும் நீங்களாக நிறுத்த வேண்டாம். டோஸைப் படிப்படியாக டாக்டர்தான் குறைப்பார். அடுத்த முறை அவரைப் பார்க்கப் போகும்போது வீட்டில் சாப்பிடுகிற எல்லா அட்டைகளையும், நாட்டு மருந்து லேகியம் இருந்தால் அதையும், ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.