வீட்டில் ஒரு நீஸ் ஞாயிறு: பிரான்ஸ் போய் வந்தவர்களுக்கு ஒரு செய்முறை

பிரான்ஸ் போய் வந்து சில வருடம் ஆனபின் கையில் மிஞ்சுவது, போனில் தூங்கும் ஏகப்பட்ட படங்களும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய ஒரு காந்தமும்தான். அந்த நாட்களைத் திரும்ப ரசிக்கலாமே என்று ஈஃபில் கோபுர பொம்மையை மேசையில் நிறுத்தி, க்ரோசான்ட் வாங்கி வைத்து உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் சலித்துவிடும். மொத்த பிரான்ஸையும் ஒரு ஹாலுக்குள் அடைக்கப் பார்ப்பதுதான் இதில் சிக்கல். ஒரு ஊரை எடுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். அந்த ஊர்க்காரர்கள் கையால் செய்கிற வேலைகளில் சிலவற்றை நீங்களும் செய்யுங்கள்.

இங்கே நான் எடுத்துக்கொண்டது நீஸ். பிரான்ஸின் தென்கிழக்குக் கடற்கரையில், இத்தாலி எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1860இல்தான் பிரான்ஸோடு சேர்ந்தது, அதனால் சாப்பாட்டிலும் சந்துகளிலும் பாதி இத்தாலி வாடை. நமக்கு இன்னொரு வசதி, அந்த ஊரின் பேர்போன தெருத் தின்பண்டத்துக்கு வேண்டிய மாவு நம் வீட்டு டப்பாவிலேயே இருக்கிறது.

படி 1: படங்களைப் பொறுக்குங்கள்

இதைச் சனிக்கிழமை இரவே முடித்துவிடுவது நல்லது. போனின் பட ஆப்பில் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடினால் அங்கே எடுத்தவை மட்டும் வரும். அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு போதும். நினைவுச் சின்னத்துக்கு முன்னால் நின்று சிரிக்கும் படங்களை ஒதுக்கிவிடுங்கள். அவற்றில் நம் முகம் தெரியும், ஊர் தெரியாது. ஓட்டல் மெனு அட்டை, கடை முகப்பு, பஸ் டிக்கெட், தவறுதலாக அமுக்கி எடுத்த தரை, இவைதான் நினைவைக் கிளறும். பழைய நீஸ் பகுதியில் எடுத்த படங்களில் தெருப் பலகையைப் பெரிதாக்கிப் பாருங்கள். பிரெஞ்சோடு ஊர் மொழியான நிசார்ட்டிலும் பெயர் எழுதியிருக்கும். அங்கே நடந்தபோது கவனிக்காமல் விட்டவர்கள்தான் அதிகம்.

அப்புறம் ஒரு படத்தின் இடத்தை கூகுள் மேப்ஸில் பிடித்து, ஸ்ட்ரீட் வியூவில் இறங்கி நடங்கள். கூர் சலேயா சந்தையில் தொடங்கிக் கடற்கரைச் சாலையான ப்ரோமெனாத் தெ ஸாங்லே வரை போகலாம். நீல நாற்காலிகளும் கூழாங்கல் கரையும் தெரியும். உடன் பயணம் வந்தவர் வீட்டில் இருந்தால், அதே இடத்தைப் பற்றி அவருக்கு என்ன ஞாபகம் என்று தனியாகக் கேளுங்கள். இரண்டு கதையும் ஒத்துப்போகாது. அன்றைய நாளின் முதல் சண்டையும் அதுதான், நல்ல சண்டை.

படி 2: காதுக்கு ஏற்பாடு

காலையில் எஃப்ஐபி வானொலியை இணையத்தில் போட்டுவிடுங்கள். 1971இல் தொடங்கியது, இப்போது ரேடியோ பிரான்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்தது. ஜாஸ், பிரெஞ்சுப் பாட்டு, ஆப்பிரிக்க இசை என்று கலந்து ஓடும், நடுவே மென்குரலில் ஓரிரு வாக்கியம் பேசுவார்கள். மொழி புரியவேண்டிய அவசியமே இல்லை. மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் கடைசி வரை பிரான்ஸ் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால், மற்ற மாதங்களில் நாலரை. நேரலை கேமராவில் கடற்கரையைப் பார்க்க நினைப்பவர்கள் இந்தக் கணக்கை மறந்தால் இருட்டைத்தான் பார்ப்பார்கள்.

பகல் பன்னிரண்டுக்குப் போனில் ஒரு அலாரம் வையுங்கள், வெடிச் சத்தமாக. நீஸில் தினமும் நண்பகலில் கோட்டைக் குன்றிலிருந்து ஒரு வெடி கேட்கும். குளிர்காலம் கழிக்க வந்த ஒரு ஸ்காட்லாந்துக்காரர், ஊர்வம்பு பேசப் போன மனைவி சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பாததால் 1860களில் பீரங்கி வெடிக்க ஏற்பாடு செய்தார் என்பது ஊர்க்கதை. வெடிக்கும்போது பக்கத்தில் இருந்து திடுக்கிட்டவர்களுக்கு அலாரம் நன்றாகவே வேலை செய்யும்.

படி 3: சோக்கா சுடுங்கள்

நாளின் முக்கிய வேலை இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சோக்கா என்பது கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு நான்கும் சேர்ந்த மெல்லிய அடை. நீஸில் பெரிய செம்புத் தட்டில் ஊற்றி விறகு அடுப்புக்குள் தள்ளுவார்கள். அவர்கள் வெள்ளைக் கொண்டைக்கடலையை அரைப்பார்கள். நம் கடலை மாவிலும் வரும், மணம் சற்றே வேறாக இருக்கும்.

இரண்டு பேருக்கு 150 கிராம் மாவைச் சலித்துக்கொள்ளுங்கள். 300 மில்லி தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கட்டி இல்லாமல் கம்பிக் கரண்டியால் அடியுங்கள். இரண்டு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், முக்கால் தேக்கரண்டி உப்பு. மாவு ரவா தோசைக்குக் கரைத்ததுபோல ஓடவேண்டும். மூடி இரண்டு மணி நேரமாவது வையுங்கள். இந்தக் காத்திருப்பைக் குறைத்தால் பச்சை மாவு வாசனை போகாது. மேலே நுரை நின்றால் எடுத்துவிடுங்கள்.

ஓவன் இருந்தால் அதிகபட்சச் சூட்டில், 250 டிகிரி வரை போனால் நல்லது, இரும்புச் சட்டியை உள்ளேயே வைத்துச் சூடாக்குங்கள். தாராளமாக எண்ணெய் விட்டு, மாவை அரை சென்டிமீட்டருக்கும் குறைவாக ஊற்றிப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் விடுங்கள். மேலே அங்கங்கே கருகிய புள்ளி விழவேண்டும், அந்தக் கருகல்தான் ருசி. ஓவன் இல்லையா? தோசைக்கல்லை நன்றாகக் காயவைத்து ஊற்றுங்கள், மூடி போடாதீர்கள். மூடினால் ஆவியில் வெந்து தொளதொளத்துவிடும். ஓரம் மொறுமொறுத்து மேல்பக்கம் காய்ந்ததும் திருப்பிப் போட்டு அரை நிமிடம்.

எடுத்ததும் மிளகை அப்போதே பொடித்து மேலே நிறையத் தூவுங்கள். அழகாக வெட்ட வேண்டாம், தாறுமாறாகப் பிய்த்தால்தான் கடைச் சோக்கா. கையால், சூடாக. இஞ்சி, பச்சைமிளகாய், பெருங்காயம் எல்லாம் சேர்க்கக் கை துறுதுறுக்கும். சேர்த்தால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது நம் ஊர் அடையாகிவிடும்.

பக்கத்தில் ஒரு நீஸ் சாலட் வைக்கலாம். தக்காளி, வேகவைத்த முட்டை, கறுப்பு ஆலிவ், வெங்காயத்தாள், சாப்பிடுகிறவர்கள் என்றால் டின் சூரை மீன். உருளைக்கிழங்கும் பீன்ஸும் வேகவைத்துப் போடுவது வெளியூர்க்காரர் வழக்கம், பழைய நீஸ்காரர்கள் முகம் சுளிப்பார்கள்.

படி 4: மெதுவாகச் சாப்பிடுங்கள்

பிரெஞ்சுக்காரர்கள் கூடி உண்ணும் விருந்து முறையை 2010இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதன் சாரம் வரிசை: முதலில் சின்னக் கொறிப்பு, பிறகு முக்கிய உணவு, பாலாடைக்கட்டி, கடைசியில் இனிப்பு. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பரப்பாமல் ஒவ்வொன்றாகக் கொண்டுவாருங்கள். ரொட்டியைத் தட்டில் வைக்காமல் மேசை விரிப்பின் மேலேயே வைக்கலாம். போனைத் தூர வைத்தால் இன்னும் நல்லது.

படி 5: கத்தரிக்கோலால் வரையுங்கள்

பிற்பகலுக்கு மத்தீஸ். ஓவியர் ஆன்றி மத்தீஸ் 1917இல் முதன்முதலாக நீஸுக்கு வந்து, 1954இல் அங்கேயே இறந்தார். பல ஆண்டுகள் கூர் சலேயா சந்தையின் ஓரத்து மஞ்சள் கட்டடத்தில் குடியிருந்தார், உங்கள் படங்களில்கூட அது விழுந்திருக்கலாம். 1941இல் பெரிய அறுவை சிகிச்சைக்குப்பின் நின்று வரைவது கடினமானதால், வண்ணம் பூசிய தாள்களை வெட்டி ஒட்டிப் படம் செய்யத் தொடங்கினார். 1952இல் செய்த நீல உருவங்கள் அப்படி வந்தவைதான்.

முதலில் அவற்றை இணையத்தில் பெரிதாகப் பாருங்கள், வெட்டு விளிம்புகளும் தூரிகைத் தடமும் தெரியும். பிறகு வெள்ளைத் தாள்களில் போஸ்டர் கலரைப் பட்டையாகப் பூசிக் காயவிடுங்கள். பென்சிலால் கோடு போடாமல் நேராகக் கத்தரியுங்கள், கத்தரிக்கோலைவிடத் தாளை அதிகம் திருப்புங்கள். பாசி, இலை, கூழாங்கல், அலை எதுவும் சரி. சுவரில் குண்டூசியால் குத்தி இடம் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஒட்டுங்கள். அவர் உதவியாளர்கள் செய்ததும் இதே வேலைதான்.

படி 6: சதுரக் கட்டை ஆட்டம் ஆடுங்கள்

இரும்பு உருண்டைகளை ஒரு இலக்குக்குக் கிட்டே விழும்படி வீசும் பெத்தாங்க் ஆட்டத்தைத் தெற்கு பிரான்ஸின் மரத்தடிகளில் பார்த்திருப்பீர்கள். புதுச்சேரியிலும் இன்றும் ஆடுகிறார்கள். ஆனால் இரும்பு உருண்டையை மொட்டை மாடியில் உருட்டினால் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார். நீஸுக்குப் பக்கத்தில் கான்ய் சுர் மேர் என்ற ஊரின் மலைத்தெருக்கள் சரிவானவை, உருண்டை உருண்டோடிவிடும். அதனால் அங்கே மரக் கனசதுரங்களை வீசி ஆடுகிறார்கள், வருடாந்திரப் போட்டியே நடக்கிறது. வீட்டுக்கு இதுதான் தோது. குழந்தைகளின் மரக்கட்டைகளை இரண்டு நிறமாகப் பிரித்து, கீழே ஒரு பாயை விரித்து, ஒரு கோலிக்குண்டை இலக்காக வையுங்கள். இலக்குக்கு மிக அருகில் இருக்கும் அணிக்குப் புள்ளி. எதிரணியின் சிறந்த கட்டையைவிடக் கிட்டே எத்தனை கட்டை இருக்கிறதோ அத்தனை புள்ளி. 13 எடுத்தவர் ஜெயித்தார்.

படி 7: ஏழு மணிக்கு அபெரோ

இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒரு குவளையும் கொறிக்க ஏதாவதும், அவ்வளவுதான். மது வேண்டாதவர்கள் புதினா சிரப்பைக் குளிர்ந்த நீரில் கலந்து குடிக்கலாம், பிரெஞ்சு கஃபேக்களில் குழந்தைகள் வாங்குவது அது. தொட்டுக்கொள்ளக் கறுப்பு ஆலிவ், கேப்பர் (ஊறவைத்த பூமொட்டு), ஒரு பல் பூண்டு, ஆலிவ் எண்ணெய் சேர்த்துக் கொரகொரவென்று அரையுங்கள். இந்தத் துவையலுக்குப் பெயர் தாப்பனாட். நெத்திலி சேர்ந்தால்தான் அசல், இல்லாமலும் நன்றாகத்தான் இருக்கும்.

நீங்கள் போனது வடமேற்கு பிரான்ஸின் பிரிட்டனி என்றால் சோக்காவுக்குப் பதில் பக்வீட் என்ற தானிய மாவில் கலெத் என்ற மெல்லிய அடை சுட்டு, நடுவில் முட்டையும் சீஸும் வைத்து நாலு பக்கமும் மடியுங்கள். பாரிஸ் என்றால் மத்தீஸின் இடத்தில் லூவர் அருங்காட்சியகம் வரட்டும். 2021இலிருந்து அதன் 4,80,000க்கும் மேற்பட்ட கலைப்பொருட்களின் பதிவுகளை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அதில் மோனாலிசாவை விட்டுவிட்டு, நீங்கள் கால் வலிக்க ஓடிக் கடந்த ஏதாவது ஒரு கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.